கணினியில் 24/96 ஆக இருக்கும் பாட்டு ரிசீவரில் 48 என்று காட்டுகிறது, எங்கே குறைகிறது?

மாடியறை

வணக்கம். இரண்டு வாரமாக என் மண்டையைக் குடையும் விஷயம் இது, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். என் பாட்டுகள் எல்லாம் மாடியில் உள்ள கணினியில் தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் ஃபைல்களாக இருக்கின்றன. பாதிக்கு மேல் என் சிடிகளிலிருந்து நானே எடுத்தவை, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மற்றவை காசு கொடுத்து இறக்கிய 24/96 (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்), கொஞ்சம் 24/192. கீழே கூடத்தில் ரிசீவரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. ரிசீவரில் லேன் துளை உண்டு, வைஃபை உண்டு, புளூடூத் உண்டு, எச்டிஎம்ஐ நாலைந்து இருக்கிறது.

இப்போதைக்கு விண்டோஸ் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறேன். சத்தம் நன்றாகவே வருகிறது. ஆனால் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் எந்தப் பாட்டு ஓடினாலும் 48 என்றுதான் காட்டுகிறது. 44.1 போட்டாலும் 48, 192 போட்டாலும் 48. கேபிள் சரியில்லையோ என்று இன்னொன்று மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான். புளூடூத்திலும் அனுப்பிப் பார்த்தேன், அது கேட்கும்போதே மந்தமாக இருந்தது. ஃபைலில் இருப்பது அப்படியே ரிசீவருக்குப் போய்ச் சேர வேண்டும், வேறு ஆசை ஒன்றும் இல்லை.

நடுநிசிராகம்

முதலில் புளூடூத்தை மறந்துவிடுங்கள். அதன் அடிப்படைக் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) எஸ்பிசி வழக்கமாகப் போவது நொடிக்கு 328 கிலோபிட், உயர்ந்ததாகச் சொல்லப்படும் எல்டிஏசி கூட 990 கிலோபிட்டில் நின்றுவிடுகிறது. சாதாரண சிடிக்கே 1,411 வேண்டும், உங்கள் 24/96 சுருக்காத நிலையில் 4,608. அந்தக் குழாயில் இந்தத் தண்ணீர் போகாது. சமையலறையில் கேட்க நல்லது, நீங்கள் கேட்கும் வேலைக்கு ஆகாது.

கம்பிவழி

கேபிள் மேல் தப்பில்லை, இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். 48 ஆக மாற்றுவது விண்டோஸ்.

சாதாரணமாக ஒரு ப்ளேயர் பாட்டைப் போடும்போது அது நேராக எச்டிஎம்ஐக்குப் போவதில்லை. விண்டோஸுக்குள் ஒரு கலவை மேடை இருக்கிறது. மெயில் வந்தால் அடிக்கும் மணி, உலாவியில் ஓடும் வீடியோ, உங்கள் பாட்டு, எல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்துதான் வெளியே வரும். ஒன்றுசேர வேண்டுமென்றால் எல்லாம் ஒரே சாம்பிள் ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறது என்ற கணக்கில், இருந்தாக வேண்டும். அந்த ரேட் எதுவென்று ஒலி அமைப்புகளில் அந்தச் சாதனத்தின் 'இயல்பு வடிவம்' என்ற இடத்தில் எழுதியிருக்கும், பெரும்பாலும் 48 ஆகவே இருக்கும். உங்கள் 192 அங்கே நாலில் ஒன்றாகக் குறைகிறது, அதையாவது எளிய கணக்கு என்று விடலாம். 44.1 ஐ 48 ஆக்குவதற்கு 147 சாம்பிளிலிருந்து 160 சாம்பிளைக் கணக்குப் போட்டு உண்டாக்க வேண்டும், ஆக உங்கள் சிடிகளும் தப்பவில்லை.

அந்த இயல்பு வடிவத்தை 24/192 என்று உயர்த்திவிடு என்று சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். செய்தால் எல்லாப் பாட்டும் 192 ஆக ஊதப்பட்டு வரும், ரிசீவர் திரையில் பெரிய எண்ணைப் பார்த்து சந்தோஷப்படலாம், அவ்வளவுதான்.

சரியான வழி, கலவை மேடையைச் சுற்றிக்கொண்டு போவது. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் வாசபி என்ற ஒலி வழி இருக்கிறது, அதில் 'எக்ஸ்க்ளூசிவ்' முறை என்று ஒன்று உண்டு. ஒரு ப்ளேயர் அந்த முறையில் சாதனத்தைப் பிடித்துக்கொண்டால் வேறெந்தச் சத்தமும் உள்ளே வராது, ஃபைலின் ரேட் எதுவோ சாதனமும் அதற்கே மாறும். ஃபூபார்2000 என்ற ப்ளேயரில் வெளியீட்டுச் சாதனப் பட்டியலில் உங்கள் ரிசீவர் பெயர் இரண்டு மூன்று முறை வரும், அதில் எக்ஸ்க்ளூசிவ் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள், பிட் ஆழம் 24 என்று வையுங்கள். ப்ளேயரின் வால்யூம் முழுவதும் ஏறியிருக்கட்டும், ஈக்வலைசர், பாட்டுகளின் சத்த அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெயின் எல்லாம் அணைத்திருக்கட்டும். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவர் குமிழில்.

மாடியறை

கம்பிவழி அண்ணா, வந்துவிட்டது! 24/96 போட்டால் 96, சிடி போட்டால் 44.1, 192 போட்டால் 192. இரண்டு வாரமாக நான் கேபிளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு சந்தேகம். ரேட் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக உள்ளே இருக்கும் பிட்டுகளும் மாறாமல்தான் போகின்றன என்று எப்படித் தெரியும்? வால்யூம் எங்காவது கொஞ்சம் குறைந்திருந்தாலும் திரையில் 96 தானே காட்டும்?

கம்பிவழி

சரியான கேள்வி. இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 5.1 சரவுண்ட் இசையை டிடிஎஸ் என்ற சுருக்க முறையில் பதித்த சிடிகள் ஒரு காலத்தில் வந்தன. வெளிப்பார்வைக்கு அது சாதாரண 16/44.1 சிடிதான், ஆனால் உள்ளே இருப்பது குறியீடு. அதை ஃப்ளாக் ஆக எடுத்து வைத்துக்கொண்டு எச்டிஎம்ஐயிலோ ஆப்டிக்கலிலோ ஓடவிட்டால், ஒரு பிட்டும் மாறாமல் வந்து சேர்ந்திருந்தால் மட்டும் ரிசீவர் அதைக் குறியீடு என்று அடையாளம் கண்டு டிடிஎஸ் என்று திரையில் காட்டும். நடுவில் யாராவது வால்யூமை ஒரு இம்மி தொட்டிருந்தாலும், ரேட்டை மாற்றியிருந்தாலும், வெறும் இரைச்சல் மட்டும் கொட்டும். அதனால் சோதனைக்கு முன் ரிசீவர் வால்யூமை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இதை மறக்க வேண்டாம், ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் ட்வீட்டர் போய்விடும்.

மாடியறை

அப்படி ஒரு சிடி நண்பரிடம் இருந்தது, போட்டுப் பார்த்தேன், டிடிஎஸ் என்று வந்தது. எக்ஸ்க்ளூசிவை விட்டுப் பழைய முறையில் போட்டதும் உஸ்ஸென்று இரைச்சல். இனி அந்தச் சந்தேகம் இல்லை.

அடுத்த தொல்லைக்கு வருகிறேன். லேப்டாப் கூடத்திலேயே கிடக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை அணைகிறது, திரை அணைந்தால் பாட்டும் நிற்கிறது! ஒலிக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. அப்புறம், பாட்டெல்லாம் இருப்பது மாடியில் உள்ள கணினியில். அங்கிருந்து இங்கே வரை எச்டிஎம்ஐ கேபிள் இழுக்க முடியுமா?

நடுநிசிராகம்

எச்டிஎம்ஐ அடிப்படையில் படத்துக்கான கேபிள். ஒலிக்கென்று தனிக் கம்பி அதில் கிடையாது, ஒரு வரிப் படம் முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் வரும் இடைவெளியில் ஒலித் தரவைத் திணித்து அனுப்புகிறார்கள். படம் ஓடவில்லை என்றால் அந்த இடைவெளியும் இல்லை, ஒலி ஏறிக்கொள்ள வண்டியே இல்லை. கணினியின் கண்ணுக்கு உங்கள் ரிசீவர் ஒரு மானிட்டர்தான், அதனால்தான் திரை தூங்கும்போது பாட்டும் தூங்குகிறது. மின்சேமிப்பு அமைப்பில் திரை அணையாமல் வைத்தால் தீரும். ஒலிக்காக மட்டும் ஒரு திரையை நாள் முழுக்க ஏமாற்றிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது.

தூரம் அதிகமானால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் தகராறு பண்ணும். ஆப்டிக்கல் கேபிள் இன்னொரு வழி, கணினியின் மின்சார இரைச்சல் ரிசீவருக்கு வராது என்பது அதில் பெரிய நன்மை, கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ மின்சாரத்தைக் கடத்தாதே. ஆனால் பல கருவிகளில் 96 வரைதான் நம்பலாம், 192 சிலவற்றில் வரும், சிலவற்றில் விட்டு விட்டு வரும்.

ரிசீவர் முகப்பில் யூஎஸ்பி துளை இருக்கிறதே, கணினியை அதில் செருகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலான ரிசீவர்களில் அது பென்டிரைவுக்கான துளை. இரண்டு பக்கமும் எஜமானர்களாக நின்றால் யார் பேச்சை யார் கேட்பது? கணினியை ஏற்க சதுர வடிவ யூஎஸ்பி பி துளை வேண்டும், அது வெகு சில ரிசீவர்களில்தான் உண்டு.

கம்பிவழி

நடுநிசிராகம் சொன்னது எல்லாம் சரி, ஆனால் நான் இந்த இடத்தில் வேறு திசையில் யோசிக்கச் சொல்வேன். இதுவரை நாம் பேசியது எல்லாம் கணினி பாட்டை ஓட்டி, சத்தத்தை ரிசீவருக்குத் தள்ளும் வழிகள். தள்ளும்போது வழியில் கை வைக்க ஆள் நிறைய: ப்ளேயர், விண்டோஸ், டிரைவர், திரை. அதற்குப் பதில் ரிசீவரே வந்து ஃபைலை எடுத்துக்கொண்டு போகட்டுமே? உங்கள் ரிசீவரில் லேன் துளை இருக்கிறது என்றீர்கள், அப்படியானால் ஏறத்தாழ நிச்சயமாக டிஎல்என்ஏ, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் கருவிகள் பாட்டு, படங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை, இருக்கும். அந்தப் பெயரில் இருந்த கூட்டமைப்பு 2003 இல் தொடங்கி 2017 இல் கலைந்துவிட்டது, ஆனால் அடியில் ஓடும் யூபிஎன்பி முறை இன்னும் கருவிகளில் உயிரோடு இருக்கிறது.

இதில் மூன்று வேடங்கள் உண்டு. ஃபைல்களை வைத்திருப்பவர் சர்வர், அது மாடியில் உள்ள கணினி. வாங்கி வாசிப்பவர் ரெண்டரர், அது ரிசீவர். 'இந்தப் பாட்டை எடு' என்று சொல்பவர் கட்டுப்பாட்டாளர், அது உங்கள் கைபேசி. பாட்டு கைபேசி வழியாகப் போவதே இல்லை, அது விலாசத்தை மட்டும்தான் கொடுக்கிறது. ரிசீவர் அந்த விலாசத்தைப் பிடித்து, உலாவி ஒரு பக்கத்தை இறக்குவதுபோல ஃப்ளாக் ஃபைலை இறக்கி, தானே பிரித்து, தன் கடிகாரத்தில் வாசிக்கிறது. விண்டோஸின் கலவை மேடை, திரை, எக்ஸ்க்ளூசிவ் எதுவும் இந்த வழியில் குறுக்கே வராது, ஏனென்றால் கணினியில் பாட்டே ஓடவில்லை, அது ஃபைலை எடுத்துக்கொடுக்கும் அலமாரி மட்டும்தான்.

சர்வருக்கு மினிம்சர்வர் போடுங்கள், இசைக்கென்றே எழுதியது, பாட்டின் பெயர், பாடகர் போன்ற டேக்குகளை ஒழுங்காகக் காட்டும். கட்டுப்பாட்டாளராக ஆண்ட்ராய்டு கைபேசியில் பபிள்யூபிஎன்பி செயலி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில சர்வர்கள் 'உதவி' செய்கிறோம் என்று ஃப்ளாக்கை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். அந்த மாற்றும் வசதியை, டிரான்ஸ்கோடிங் என்று இருக்கும், தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள். அப்புறம் ரிசீவர் கையேட்டில் நெட்வொர்க் வழியாக எந்த வடிவம் எவ்வளவு ரேட் வரை ஏற்கும் என்று ஒரு அட்டவணை இருக்கும், எச்டிஎம்ஐயில் ஏற்பது எல்லாம் நெட்வொர்க்கிலும் ஏற்கும் என்று இல்லை.

ஆப்பிள்மரம்

நடுவில் ஒரு கேள்வி, என்னிடம் மேக் இருக்கிறது. ஏர்பிளே பட்டனை அழுத்தினால் ரிசீவருக்கு வந்துவிடுகிறதே, அது போதாதா?

நடுநிசிராகம்

வசதிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஏர்பிளே காலங்காலமாக அனுப்பி வந்தது 16/44.1. உங்கள் 24/96 அங்கே சிடி தரத்துக்கு இறங்கிவிடும். மோசமாகக் கேட்கும் என்று சொல்லவில்லை, மாடியறை கேட்ட 'அப்படியே' அது இல்லை, அவ்வளவுதான். கேபிளில் இணைத்தாலும் மேக் தானாக ரேட்டை மாற்றாது, ஆடியோ மிடி செட்டப் என்ற பயன்பாட்டில் கையால் மாற்ற வேண்டும், அல்லது அதைச் செய்யத் தெரிந்த ப்ளேயர் வேண்டும். மினிம்சர்வர் மேக்கிலும் ஓடும், கம்பிவழி சொன்ன வழி உங்களுக்கும் பொருந்தும்.

மாடியறை

மினிம்சர்வர் போட்டேன். கைபேசியில் சர்வர் தெரியவில்லை, ரிசீவர் தெரிகிறது. ரிசீவரின் சொந்த மெனுவிலும் சர்வர் பட்டியல் காலி. ஒரு மாலை முழுவதும் இதிலேயே போய்விட்டது.

பெங்குவின்

இந்தச் சிக்கலில் நானும் கிடந்திருக்கிறேன். இந்தக் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது கூப்பிட்டுத்தான். ஒருவர் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900 ஆம் போர்ட்டில், 'யாராவது இருக்கிறீர்களா' என்று குரல் கொடுப்பார், கேட்டவர்கள் பதில் சொல்வார்கள். அந்தக் குரல் எங்கோ அடைபடுகிறது. மூன்று இடத்தைப் பாருங்கள். கணினியில் விண்டோஸ் உங்கள் வீட்டு நெட்வொர்க்கை 'பொது' என்று வகைப்படுத்தியிருந்தால் ஃபயர்வால் வாயை மூடிவிடும், 'தனிப்பட்டது' என்று மாற்றுங்கள், பாதி பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, கைபேசி ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் மாட்டியிருக்கிறதா? அது வேண்டுமென்றே தனித்தீவாக வைக்கப்பட்டது. மூன்றாவது, ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் இருந்தால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உண்டாகியிருக்கும், பொதுக் குரல் அந்தச் சுவரைத் தாண்டாது. இரண்டாவதை வெறும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள்.

இன்னொரு வினோதம், முதலில் தெரிந்து அரை மணி நேரத்தில் மறைந்துபோனால் அது பொதுக் குரல் யாருக்குப் போக வேண்டும் என்று வடிகட்டும் ரவுட்டரின் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வேலையாக இருக்கலாம், அதை அணைத்துப் பாருங்கள்.

மாடியறை

பொது, தனிப்பட்டது, அதேதான்! மாற்றிய அடுத்த நொடி சர்வர் வந்து நின்றது. நன்றி பெங்குவின்.

இப்போது மாடியில் கணினி, கீழே ரிசீவர், கையில் கைபேசி, 24/96 அப்படியே வருகிறது. ஆனால் 192 பாட்டுகள் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஓடுகின்றன. வைஃபை வேகம் சோதித்தால் 60 மெகாபிட்டுக்கு மேல் காட்டுகிறது. 192 க்கு எவ்வளவு வேண்டும்?

கம்பிவழி

சுருக்காத 24/192 ஸ்டீரியோ 9.2 மெகாபிட், ஃப்ளாக் ஆனதால் அதற்கும் குறைவு. கணக்குப்படி 60 தாராளம். ஆனால் வைஃபையில் சராசரி வேகம் ஒரு பொருட்டே இல்லை, எவ்வளவு நேரம் தொடர்ந்து வராமல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. படம் பார்க்கும் கருவிகள் அரை நிமிடத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கின்றன. ரிசீவர்களில் அந்தச் சேமிப்பு பெரும்பாலும் சில நொடிகள்தான், ரேட் ஏற ஏற அதே இடத்தில் கொள்ளும் நொடிகள் குறையும். 96 இல் தாங்கிய இடைவெளியை 192 இல் தாங்காதது அதனால்தான். பக்கத்து வீட்டு ரவுட்டரோ மைக்ரோவேவ் அடுப்போ 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு நொடி குறுக்கிட்டால் போதும்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். உலோகப் பெட்டிகளுக்கு நடுவே, அலமாரிக்குள் ரிசீவர் இருந்தால் ஆன்டெனாவை வெளியே எடுங்கள். ஆனால் நான் மனதாரச் சொல்வது ஒன்றுதான், ஒரு லேன் கேபிள் இழுங்கள். ரிசீவரில் இருப்பது பெரும்பாலும் 100 மெகாபிட் துளைதான், அதுவே பத்து மடங்கு. இசைக்கென்று தனியாக விற்கும் விலையுயர்ந்த லேன் கேபிள் வேண்டாம், கேட்5இ போதும். ஒரு பொட்டலம் தவறினால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும் முறை இது, ஃபைல் முழுதாக வந்து சேர்ந்துவிட்டால் அது எந்தக் கேபிளில் வந்தது என்பது ஒலியில் தங்காது.

பழையசிடி

இழையை முதலிலிருந்து படித்தேன். குறுக்கே விழுவதற்கு மன்னியுங்கள், ஆனால் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டும். இந்த 192 உங்களுக்குக் காதில் கேட்கிறதா?

44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை முழுமையாகப் பிடிக்கும், நல்ல இளம் காதுக்கே எல்லை 20 தான். 16 பிட் தரும் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல், இரவில் அமைதியான கூடத்தில்கூட அவ்வளவு வீச்சை நாம் பயன்படுத்துவதில்லை. 2007 இல் மேயர், மோரன் இருவரும் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர ஒலியை அப்படியே ஒருமுறை, சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறை, எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள், அதாவது காசைச் சுண்டிப் போட்டதுபோல. நான் என் சிடிகளோடு நிம்மதியாக இருக்கிறேன்.

நடுநிசிராகம்

கேட்க வேண்டிய கேள்விதான், நன்றி. அதே இதழில் 2016 இல் ஜோஷுவா ரீஸ் எழுதியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 18 ஆய்வுகளை, 12,000 க்கும் மேற்பட்ட சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். மொத்தத்தில் 52.3 சதவீதம் சரி. சிறியதுதான், ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவு சோதனைகள், பயிற்சி பெற்றவர்களிடம் இது இன்னும் கூடியது. ஆக வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பவருக்கு இரவு பகல் வித்தியாசம் என்பவரையும் நம்ப மாட்டேன்.

எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிவது மாஸ்டரிங்கில்தான், அதாவது வெளியிடும் முன் ஒலியை இறுதியாகச் செதுக்கும் வேலையில். ஒரே ஆல்பத்தின் சிடி சத்தத்தை ஏற்றி நசுக்கப்பட்டிருக்கும், 24/96 இல் வருவது மூச்சுவிட இடம் கொடுத்து வேறு கையால் செய்யப்பட்டிருக்கும். அப்போது நான் காசு கொடுப்பது அந்தக் கைக்கு. அந்த 24/96 ஐ நீங்களே 16/44.1 ஆக இறக்கிக் கேட்டாலும் அந்த அழகு போகாது.

அப்புறம் மாடியறை, வாங்கிய ஃபைல்களை ஸ்பெக் என்ற சின்ன நிரலில் ஒருமுறை திறந்து பாருங்கள். அது அலைவரிசைப் படத்தைக் காட்டும். 192 என்று விற்ற ஃபைலில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டினாற்போல் கறுப்பாக இருந்தால், அது பெரும்பாலும் சிடியை ஊதிப் பெருக்கியது.

மாடியறை

பழையசிடி, நீங்கள் கேட்டது என்னை யோசிக்க வைத்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் 96 க்கும் 192 க்கும் வித்தியாசம் சொல்வேனா? நேற்று தம்பியை விட்டு மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன், பத்தில் ஐந்து. சொல்ல முடியவில்லை. அப்படியும் ஃபைலில் இருப்பது அப்படியே வர வேண்டும் என்ற ஆசை எனக்குக் குறையவில்லை, ஏனென்றால் வழியில் ஏதோ மாறுகிறது என்று தெரிந்தால் பாட்டு கேட்கும்போது மனம் பாட்டில் நிற்பதில்லை, திரைக்குப் போகிறது. மாறவில்லை என்று ஒருமுறை உறுதியாகிவிட்டால் அப்புறம் கண்ணை மூடலாம்.

ஸ்பெக்கில் பார்த்தேன். என் 192 ஆல்பங்களில் இரண்டு 22 இல் வெட்டுப்பட்டிருக்கின்றன. வருத்தமாக இருந்தது.

லேன் கேபிள் இழுத்தாயிற்று. மூன்று நாளாக ஒரு தடங்கல்கூட இல்லை.

கம்பிவழி

நல்லது. உறுதி பற்றிச் சொன்னதால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரிசீவரில் மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்தும் வசதியைப் போட்டிருக்கிறீர்களா? பல ரிசீவர்களில் அந்தத் திருத்தக் கணக்கு 48 கிலோஹெர்ட்ஸில்தான் நடக்கிறது. உள்ளே வந்தது 96, 192 என்று திரை காட்டும், அது உண்மைதான், வாசலில் வந்தது அது. ஆனால் உள்ளே திருத்தத்துக்குப் போகும் முன் 48 ஆக இறக்கிவிடுவார்கள். பியூர் டைரக்ட் போன்ற முறையில் போட்டால் திருத்தம் விலகும், ரேட் நிற்கும், சப்வூஃபருக்குப் பிரித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

எதை வைத்துக்கொள்வது என்றால், எனக்குச் சந்தேகமே இல்லை, அறைத் திருத்தம்தான். ஒரு சாதாரணக் கூடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறை போடும் மேடு பள்ளம் பத்து டெசிபல் வரை போகும். அது எல்லார் காதுக்கும் கேட்கும். 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போவது ஒருவர் காதுக்கும் கேட்காது. ஆனால் இது உங்கள் கூடம், இரண்டையும் ஒரு வாரம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெங்குவின்

இன்னொன்று விட்டுப்போயிற்று. மேடைக் கச்சேரிப் பதிவுகள் இருந்தால் கவனியுங்கள், ஒரு பாட்டு கைதட்டலோடு அடுத்ததில் ஓடும் இடத்தில் பல ரிசீவர்கள் ஒரு நொடி அமைதியைச் செருகும். அடுத்த பாட்டின் விலாசத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் வசதி யூபிஎன்பியில் உண்டு, ரிசீவர் அதை ஆதரித்தால்தான் உண்டு. எனக்கு அந்த ஒரு நொடி தாங்கவில்லை, அதனால் ரிசீவரின் நெட்வொர்க்கை விட்டுவிட்டு, ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியை அதன் அருகில் வைத்து, யூஎஸ்பியில் ஒரு டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி), அதிலிருந்து ரிசீவரின் அனலாக் துளைக்குப் போட்டுவிட்டேன். மாடியில் லிரியன் மியூசிக் சர்வர், ராஸ்பெர்ரி பையில் அதனிடமிருந்து பாட்டை வாங்கி வாசிக்கும் ஸ்க்வீஸ்லைட். இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது.

லினக்ஸ் கணினியையே நேராக இணைப்பவர்களுக்கு: அங்கே ஒலியைக் கையாளும் பைப்வயரின் இயல்பு ரேட் 48, விண்டோஸ் கதைதான் அங்கேயும். அதன் அமைப்பு ஃபைலில் அனுமதிக்கும் ரேட்டுகள் என்ற வரியில் 44100, 48000, 88200, 96000, 176400, 192000 எல்லாவற்றையும் எழுதிவிட்டால் பாட்டுக்கேற்ப மாறும். வேறொரு நிரல் அதே நேரத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் மாறாது, உலாவியை மூடிவிட்டுப் பாருங்கள்.

பழையசிடி

அந்த ஒரு நொடி அமைதி! அதுதான் எனக்கும் ஆகாது. 192 வேண்டுமா என்று கேட்டவன் நான், இருந்தும் இதில் உங்கள் பக்கம்தான், பாட்டின் நடுவில் ஓட்டை விழுந்தால் எந்த பிட்டும் அதை அடைக்காது. மாடியறை, உங்கள் ரிசீவரில் எப்படி இருக்கிறது?

மாடியறை

எல்லாவற்றையும் சோதித்துவிட்டு வந்தேன். பபிள்யூபிஎன்பியில் கேப்லெஸ் என்ற தேர்வைப் போட்டேன். 16/44.1 இலும் 24/96 இலும் கைதட்டல் தொடர்ந்து வருகிறது. ஆல்பத்தின் நடுவே ரேட் மாறினால் மட்டும் ரிசீவர் ஒரு சொடுக்குப் போட்டு நிற்கிறது, அப்படிப்பட்ட ஆல்பம் என்னிடம் ஒன்றுகூட இல்லை, இரண்டு ஆல்பங்களைக் கலந்து வரிசை போட்டால்தான் வரும்.

அறைத் திருத்தத்தையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டேன். பியூர் டைரக்டில் திரை 96 காட்டியது, உள்ளேயும் 96, எனக்கு ஆசையான நிலை. ஆனால் பேஸ் கிட்டார் சில சுரங்களில் வீங்கி மற்றவற்றில் காணாமல் போனது. திருத்தத்தைப் போட்டதும் எல்லாச் சுரமும் ஒரே உயரத்தில் வந்து நின்றன. ஸ்டீரியோவுக்குத் திருத்தத்தையே வைத்துவிட்டேன். மாடியிலிருந்து ரிசீவர் வாசல் வரை ஃபைல் மாறாமல் வருகிறது, அதற்குப் பிறகு நடப்பது என் கூடத்துக்காக நானே கேட்டுச் செய்துகொண்ட மாற்றம்.

மினிம்சர்வர் விண்டோஸ் தொடங்கும்போதே தானாக எழும்படி வைத்தேன், கணினி தூங்கப் போகாதபடியும் வைத்தேன், இல்லாவிட்டால் பாதிப் பாட்டில் அலமாரி பூட்டிக்கொள்கிறது. லேப்டாப்பைக் கூடத்திலிருந்து எடுத்தாயிற்று. வெட்டுப்பட்ட அந்த இரண்டு ஆல்பங்களின் ஸ்பெக் படத்தை விற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.